வழிக்கும் தகடு: வண்ணத்தையும் பிசினையும் அளந்த ஒரு கருவியின் வரலாறு

யாப்பிலக்கணம் பயின்றவர்களுக்கு ‘ஆசு’ என்ற சொல் புதிதன்று. ஆசிடையிட்ட எதுகை என்று ஒன்று உண்டு. எதுகை எழுத்துக்கு முன்னால் ய், ர், ல், ழ் ஆகிய ஒற்றுகளுள் ஒன்று வந்து நிற்கும், எதுகை கெடாது. இரண்டு குறட்பாக்களை ஒரு வெண்பாவாக இணைக்கும்போது நடுவில் ஓசை பிளவுபடாதிருக்க இடப்படும் அசையையும் ஆசு என்பர். வகுப்பில் இதை விளக்கும் ஆசிரியர்கள் பொற்கொல்லரின் பட்டறையிலிருந்தே உவமை எடுப்பது வழக்கம். இரண்டு பொற்துண்டுகளை ஒன்றாக்க அவர் இடையில் வைப்பது பற்றாசு. நகை முடிந்தபின் அது இருப்பதே தெரியக்கூடாது. தெரிந்தால் வேலை சரியில்லை என்று பொருள்.

இக்கட்டுரையில் நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது அந்தப் பற்றாசைப் பற்றியன்று. பற்றாசு பற்றுவதற்காக அதற்கும் முன்னால் பூசப்படும் பொருளைப் பற்றியும், அப்பொருளை அளந்து பூசும் ஒரு தகட்டைப் பற்றியும். பள்ளிப் பாடநூல்கள் அப்பொருளை ‘இளக்கி’ என்கின்றன. வானொலிப் பெட்டி பழுது பார்க்கும் கடையில் ‘பிளக்ஸ்’ என்றோ ‘பேஸ்ட்’ என்றோதான் கேட்க வேண்டும். நாமும் கடைக்காரரின் சொல்லையே எடுத்துக்கொள்வோம். இன்று கைபேசிக்குள் இருக்கும் சில்லுகள் சிலவற்றின் அடியில் இந்தப் பிளக்ஸ் ஒரு தலைமயிரின் பருமனளவே உள்ள படலமாக ஒட்டவைக்கப்படுகிறது. அந்தப் படலத்தை உருவாக்குவது ஓர் எளிய தகடு. அதன் வரலாற்றைப் பின்னோக்கித் தொடர்ந்தால் சோழமண்டலக் கரையின் வண்ணத் துணிகளிடம் போய்ச் சேர்கிறோம். வழியில் சட்டங்கள், திருட்டுகள், வேலையிழந்த கைகள், ஓட்டையான வானம், இரைக்கும் நெஞ்சு எல்லாம் வருகின்றன.

பிசினின் வேலை

உலோகங்கள் ஏன் எளிதில் ஒட்டுவதில்லை? காற்றுப்பட்ட செம்பின்மீது கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்சைடுப் போர்வை படிந்துவிடுகிறது. உருகிய பற்றாசு அந்தப் போர்வையின்மீது, தாமரை இலைமேல் நீர்போல, உருண்டு நிற்குமே தவிரப் பரவாது. போர்வையை நீக்கினாலும் சூடு காட்டியவுடன் மீண்டும் படியும். எனவே அழுக்கைக் கரைக்கவும் வேண்டும், கரைத்த இடத்தில் காற்றுப் படாமல் மூடிக்கொள்ளவும் வேண்டும். இவ்விரண்டையும் செய்வது பிளக்ஸ். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் சூடான பாத்திரத்தில் நவச்சாரத்தைத் தூவித் துணியால் தேய்ப்பதும், பொற்கொல்லர் வெண்காரத்தைக் குழைத்து வைப்பதும் இதற்காகவே.

உரோமானிய அறிஞர் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய ‘இயற்கை வரலாறு’ நூலில் எந்த உலோகத்தை எதைக்கொண்டு ஒட்டுவது என்று ஒரு பட்டியலே தருகிறார். அதில் ஈயத்துக்கு உரியதாக அவர் குறிப்பது பிசின். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் மின்னணுத் தொழில் அதே பிசினைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது என்பது நமக்கு வியப்பளிக்கிறது.

பைன் மரத்தின் பாலை வடித்து, அதிலிருந்து டர்பன்டைனை ஆவியாக்கிப் பிரித்தபின் எஞ்சுவது ரோசின். வயலின் வாசிப்பவர்கள் வில்லில் தேய்த்துக்கொள்வார்களே, அதே கட்டிதான். இதற்குக் கொலோபோனி என்று மற்றொரு பெயர் உண்டு. இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் இருந்த கொலோபன் என்னும் பண்டைய கிரேக்க நகரத்தின் பெயரால் வந்தது. பழைய நூல்களின் இறுதியில் எழுதியவர், அச்சிட்டவர் விவரங்களைச் சொல்லும் குறிப்புக்கும் ஆங்கிலத்தில் கொலோபன் என்றே பெயர். உச்சி, முடிவு என்ற பொருளுடைய ஒரே கிரேக்கச் சொல்தான் இரண்டிலும் இருக்கிறது.

ரோசினின் குணம் விசித்திரமானது. அதன் பெரும்பகுதி அபியட்டிக் அமிலம். ஆனால் அறை வெப்பத்தில் அது கண்ணாடிபோல் இறுகிக் கிடக்கும். எதையும் அரிக்காது, மின்சாரத்தையும் கடத்தாது. சூடேறி உருகியபின்தான் அமிலமாகச் செயல்பட்டுச் செம்பின் ஆக்சைடைக் கரைக்கிறது. வேலை முடிந்து ஆறியதும் பழையபடி உறைந்து, கரைத்த அழுக்கைத் தன்னுள்ளேயே பூட்டிக்கொள்கிறது. தேவைப்படும்போது மட்டும் விழித்தெழும் இந்த அமிலத்துக்கு நிகரான வேறொன்றைக் கண்டுபிடிப்பது எளிதாக இல்லை.

கலமும் எருமைப் பாலும்

பிசினை இங்கே நிறுத்திவிட்டுத் தகட்டுக்கு வருவோம். அதன் பிறப்பைப் புரிந்துகொள்ள 17, 18ஆம் நூற்றாண்டுகளின் சோழமண்டலக் கரைக்குப் போக வேண்டும்.

மசூலிப்பட்டினம் முதல் தெற்கே நாகப்பட்டினம் வரை இக்கரையின் துறைமுகங்களிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற வண்ணப் பருத்தித் துணிகள் அங்கே ஒரு பித்தையே உண்டாக்கின. துவைத்தாலும் போகாத சிவப்பும் நீலமும் ஐரோப்பியச் சாயக்காரர்களுக்குக் கைவராதவை. இங்கே அவை கைவந்ததற்குக் காரணம் சாயம் மட்டுமன்று, அளவு. துணியை முதலில் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்துவார்கள். கடுக்காயின் துவர்ப்பு நிறத்தைப் பற்றவைக்கும். பாலின் கொழுப்பு, மேலே இடப்படும் கரைசல் கோட்டைத் தாண்டிக் கசியாமல் தடுக்கும். பிறகு மூங்கில் குச்சியின் நுனிக்குச் சற்று மேலே துணியோ மயிரோ சுற்றிய பந்துடன் கூடிய கலத்தால் படிக்காரக் கரைசலையும் இரும்புக் கரைசலையும் வரைவார்கள். அந்தப் பந்து கரைசலை உறிஞ்சி வைத்திருக்கும். விரல் அழுத்தினால் அழுத்திய அளவுக்கு நுனியில் இறங்கும். அதன்பின் சாயவேர்க் கொதிநீரில் தோய்த்தால் படிக்காரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். ஒரு துளி கூடினால் கோடு பரந்துவிடும், ஒரு துளி குறைந்தால் நிறம் வெளிறிவிடும். அளக்கும் கருவி எது? வரைபவரின் கட்டைவிரலும் சுட்டுவிரலுமே.

இந்தத் துணிகளின் செல்வாக்கைக் கண்டு அஞ்சிய ஐரோப்பிய நெசவாளர்களும் அரசுகளும் சட்டத்தைக் கையில் எடுத்தனர். பிரான்ஸ் 1686இல் தடை விதித்து 1759 வரை அதை வைத்திருந்தது. இங்கிலாந்து 1700இல் வண்ணப் பருத்தித் துணி இறக்குமதியைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. 1721இல் இயற்றிய இரண்டாம் சட்டம், சில விலக்குகள் நீங்கலாக, அத்தகைய துணியை உடுத்துவதையே குற்றமாக்கிற்று. 1774இல்தான் உள்நாட்டிலேயே நூற்று நெய்து அச்சிட்ட பருத்தித் துணிக்கு வழி திறந்தது. ஒரு நாட்டுத் துணியை இன்னொரு நாட்டின் உடம்பிலிருந்து சட்டம் போட்டுக் கழற்றிய வரலாறு இது.

சட்டம் ஒரு பக்கம் இருக்க, இரகசியத்தைத் தெரிந்துகொள்ளும் முயற்சியும் நடந்தது. 1742இல் கேர்து என்னும் பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார், தென்னிந்தியாவிலிருந்து எழுதிய கடிதத்தில் இம்முறையைப் படிப்படியாக விவரித்து அனுப்பினார். புதிதாக மதம் மாறியவர்களுள் இத்தொழில் தெரிந்தோரிடம் தனித்தனியே விசாரித்து ஒப்பிட்டுப் பார்த்து எழுதியது அது. இதே கேர்து பாதிரியார்தாம் பின்னர் 1767இல் சமஸ்கிருதத்துக்கும் கிரேக்க, இலத்தீன் மொழிகளுக்கும் உள்ள உறவைச் சுட்டிக்காட்டியவர். மொழியியல் வரலாற்றில் அவர் பெயரைக் கேட்டிருக்கும் நம் வாசகர்கள், சாயத்தொழிலின் வரலாற்றிலும் அவர் இருப்பதை அறிந்துகொள்வது நல்லது. அவருக்குத் தொழிலைச் சொல்லிக்கொடுத்தவர்களின் பெயர்களோ உலக நினைவில் இல்லை.

1783: உருளையும் தகடும்

செய்முறையை எழுதிவிடலாம்; விரலின் அழுத்தத்தை எழுத முடியாது. ஐரோப்பியர்கள் நெடுங்காலம் மரக்கட்டை அச்சுகளால் துணியில் ஒற்றியெடுத்தே வந்தனர். 1783இல் தாமஸ் பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் செதுக்கிய உருளைகளால் துணியில் அச்சிடும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். 1785 அளவில் லங்காஷயரில், பிரஸ்டன் நகரை அடுத்த மாஸ்னி என்னும் இடத்தில் லிவ்சி, ஹார்கிரீவ்ஸ் நிறுவனம் இதைத் தொழிலில் இறக்கிற்று. (அந்நிறுவனம் 1788இல் திவாலாகிவிட்டது, பொறி பிழைத்துக்கொண்டது.)

பொறியின் தத்துவம் இது. செப்பு உருளையின் மேற்பரப்பில் பூவும் கொடியும் குழிவாகச் செதுக்கப்பட்டிருக்கும். உருளை சுழலும்போது வண்ணக் குழம்பு அதன் உடம்பெங்கும் அப்பிக்கொள்ளும். அப்படியே துணியில் படிந்தால் கிடைப்பது ஒரு கறை, பூவன்று. எனவே துணியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் உருளையின் முழு நீளத்துக்கும் ஒரு மெல்லிய எஃகுத் தகடு அழுந்தி நிற்கும். அது மேற்பரப்பில் உள்ள வண்ணத்தையெல்லாம் வழித்துவிடும். குழிகளுக்குள் உள்ள வண்ணம் மட்டும் தப்பிப் போய்த் துணியில் ஏறும்.

இதற்கு நம் வீடுகளில் நன்கு தெரிந்த ஓர் ஒப்புமை உண்டு. படியில் அரிசி அளக்கும்போது குவித்து அளப்பது ஒரு வகை, தலைதட்டி அளப்பது இன்னொரு வகை. படியின் விளிம்பை ஒட்டிக் கையால் வழித்துவிட்டால் எத்தனை முறை அளந்தாலும், யார் அளந்தாலும் ஒரே அளவு. பெல்லின் தகடு செய்ததும் தலைதட்டுவதுதான். படி இங்கே உருளையில் செதுக்கிய குழி. அரிசி இங்கே சாயம்.

இந்தத் தகட்டுக்குத் தொழிலாளர்கள் இட்ட பெயர் ‘டாக்டர்’. வழிநடத்துவது என்ற பொருளுடைய ‘டக்டர்’ என்னும் இலத்தீன் சொல்லின் திரிபு என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. எப்படியாயினும் பெயர் நிலைத்துவிட்டது. ஒரு பொறியில் இரண்டு டாக்டர்கள் இருப்பார்கள். வண்ணத்தை வழிப்பவர் ஒருவர். துணியைத் தொட்டுத் திரும்பும் உருளையில் ஒட்டிவரும் பஞ்சுத் தும்பை வழிப்பவர் மற்றொருவர். தகடு ஒரே இடத்தில் நின்றால் தேய்மானம் ஒரு பக்கம் கூடும் என்பதால் அதை இடவலமாக மெல்ல அசைய வைத்தார்கள். அமிலம் கலந்த வண்ணம் எஃகை அரிக்கும் என்பதால் அதற்கு வேறு உலோகக் கலவையால் தகடு செய்தார்கள். முனையில் மணலளவு பிசிறு இருந்தாலும் துணியின் நீளம் முழுவதும் ஒரு கோடு விழும். ஆகவே தகட்டைத் தீட்டத் தெரிந்தவருக்கு ஆலையில் தனி மதிப்பு இருந்தது.

எட்வர்ட் பெய்ன்ஸ் 1835இல் எழுதிய பிரிட்டிஷ் பருத்தித் தொழில் வரலாற்றில், ஒரே ஆள் மேற்பார்க்கும் உருளைப் பொறி ஒன்று, கட்டையால் அச்சிடும் 100 பேரும் அவர்களது உதவியாளர்களும் செய்யும் வேலையைச் செய்யவல்லது என்று கணக்கிட்டார். அந்த நூறு பேர் லங்காஷயர்க்காரர்கள். கடலுக்கு இப்பால், கலம் பிடித்து வரைந்தவர்களை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. அவர்களுடைய தொழில் நசிந்ததற்குப் பொறி ஒன்றே காரணம் என்று நாம் சொல்லமாட்டோம். சட்டமும் வரியும் ஆட்சி மாற்றமும் சேர்ந்தே அதைச் செய்தன. ஆனால் விரலின் அளவைத் தகட்டின் அளவுக்கு மாற்ற முடிந்ததனால்தான் அந்த நகல் அத்தனை மலிவாயிற்று என்பதில் ஐயமில்லை.

தாளும் பீங்கானும்

தகடு துணியோடு நிற்கவில்லை. போஹிமியாவில் பிறந்த காரல் கிளிச் 1870களின் இறுதியில் நிழற்படத்தைச் செப்புத் தகட்டில் குழிவாகப் பொறிக்கும் முறையைக் கண்டார். பின்னர் அவர் இங்கிலாந்தின் லங்காஸ்டர் நகருக்குச் சென்று, துணி அச்சிடும் ஸ்டோரி சகோதரர்களோடு சேர்ந்தார். 1895இல் அங்கே தொடங்கிய ரெம்பிராண்ட் நிறுவனம் உருளைகளில் செதுக்கிய படங்களைத் தாளில் அச்சிட்டுத் தள்ளியது. துணிக்கு இருந்த டாக்டர் தாளுக்கும் டாக்டரானார். பெரும் எண்ணிக்கையில் விற்ற வண்ணப்பட வார இதழ்கள் பல உலகெங்கும் இம்முறையிலேயே அச்சாயின.

அடுத்த தாவல்தான் நம்மை மின்னணுவியலுக்குக் கொண்டுவருகிறது. வானொலிக் கருவிகளில் மின்தேக்கி என்னும் உறுப்புக்கு மைக்கா என்னும் அபிரகத் தகடு இன்றியமையாதது. இரண்டாம் உலகப்போரின்போது அதற்குத் தட்டுப்பாடு வந்தது. நல்ல அபிரகத் தகட்டின் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து, குறிப்பாக இன்றைய ஜார்க்கண்டின் கோடர்மாப் பகுதியிலிருந்து, போக வேண்டியிருந்தது. அதற்கு மாற்றாக மெல்லிய பீங்கான் ஏடுகளைச் செய்ய முனைந்தார் அமெரிக்கரான க்ளென் ஹவட். குழம்பாகக் கரைத்த பீங்கான் பொடியை நகரும் பரப்பின்மீது ஊற்றி மெல்லிய ஏடாக உலர்த்தி எடுக்கும் முறையை அவரும் சகாக்களும் 1947இல் வெளியிட்டனர். பின்னர் இம்முறை வளர்ந்தபோது, ஏட்டின் கனத்தை நிர்ணயித்தது மேலே நிலையாக நிற்கும் ஒரு தகடு. அதன் பெயரும் டாக்டர்தான்.

இங்கே ஒரு மாற்றத்தை நாம் கவனிக்க வேண்டும். பெல்லின் தகடு உருளையைத் தொட்டு வழித்தது, குழி அளந்தது. பீங்கான் தகடோ அடியில் உள்ள பரப்பைத் தொடுவதில்லை. ஒரு நூலிழை இடைவெளி விட்டு நிற்கிறது; அந்த இடைவெளியே அளக்கிறது. வழிக்கும் தகடு அளக்கும் தகடாயிற்று.

வானத்தின் ஓட்டை

மின்சுற்றுகளைக் கம்பிகளால் இணைக்காமல் பலகையில் செம்புக் கோடுகளாகப் பதிக்கும் முறையை வியன்னாவில் பிறந்து இலண்டனுக்குக் குடிபெயர்ந்த பால் ஐஸ்லர் 1930களிலும் 40களிலும் உருவாக்கினார். 1949இல் அமெரிக்கத் தரைப்படையின் சிக்னல் பிரிவைச் சேர்ந்த ஏப்ராம்சன், டான்கோ இருவரும், உறுப்புகளைப் பொருத்திய பலகையை உருகிய பற்றாசில் ஒரேயடியாக முக்கியெடுக்கும் வழியைக் கண்டனர். 1950களின் பிற்பாதியில் உருகிய பற்றாசு அலையாக எழும்பிப் பலகையின் அடியைத் தடவிச் செல்லும் பொறி வந்தது. ஒவ்வோர் இணைப்பையும் கையால் ஒட்டிய காலம் போய், நூற்றுக்கணக்கானவை ஒரே கணத்தில் ஒட்டும் காலம் வந்தது.

இம்முறைகள் அனைத்திலும் பிளக்ஸ் தாராளமாகப் பூசப்பட்டது. நுரையாகவும் தூரிகையாலும் தெளிப்பாகவும் பலகை முழுவதும் அப்பினார்கள். மிகுந்தால் என்ன? கழுவிவிடலாம். கழுவுவதற்கு மிக வசதியான ஒரு திரவமும் இருந்தது: சிஎஃப்சி-113. பிசினைச் சுமந்து செல்லும், தீப்பற்றாது, பிளாஸ்டிக்கைத் தாக்காது, ஏறத்தாழ 48 பாகை செல்சியஸில் கொதித்து ஆவியாகிவிடும். ஆவியானது எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை.

1974இல் மோலினாவும் ரோலண்டும் கேட்டார்கள். இத்தகைய வாயுக்கள் கீழ்க்காற்றில் சிதையாமல் மேலேறி, அங்கே புற ஊதாக் கதிர்களால் உடைந்து, குளோரினை விடுவித்து ஓசோன் படலத்தைத் தின்னும் என்பது அவர்களது முடிவு. 1985இல் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் ஆகிய மூவரும் அண்டார்டிகாவின் மேலே ஓசோன் பெருமளவு குறைந்திருப்பதை வெளியிட்டனர். 1987இல் மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. வளர்ந்த நாடுகள் 1996இன் தொடக்கத்துக்குள்ளும், வளரும் நாடுகள் 2010க்குள்ளும் சிஎஃப்சி உற்பத்தியைக் கைவிட ஒப்புக்கொண்டன.

மின்னணுத் தொழிலுக்கு இது பேரிடியாக வந்தது. சிலர் தண்ணீரில் கரையும் பிளக்ஸுக்கு மாறினர். சிலர் ஆரஞ்சுத் தோல் எண்ணெயிலிருந்து பெற்ற கரைப்பான்களால் கழுவினர். மூன்றாவது வழிதான் நீண்டகாலம் நின்றது: கழுவவே வேண்டாத பிளக்ஸ். வேலை முடிந்தபின் எஞ்சுவது மிகச் சிறிதாகவும் தீங்கற்றதாகவும் இருந்தால் அதை அப்படியே விட்டுவிடலாம் அல்லவா? ஆனால் இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. பூசும் அளவு மிகக்கூடாது. கழுவித் துடைக்கும் வாய்ப்பு இல்லாதபோது, முதலில் இடும் அளவே இறுதி அளவு. வானத்தில் விழுந்த ஓட்டை, தரையில் பிளக்ஸை அளந்து இடும் ஒழுக்கத்தைத் தொழிலுக்குக் கற்பித்தது என்று சொன்னால் மிகையாகாது.

பாதி முழுகும் குமிழ்கள்

இதற்கிடையே சில்லுகளும் மாறியிருந்தன. 1964இல் ஐபிஎம் நிறுவனம் தன் சிஸ்டம்/360 கணினிகளில், சில்லைக் குப்புறக் கவிழ்த்து அதன் முகத்திலுள்ள சிறு குமிழ்களின்மேல் ஒட்டும் முறையைக் கையாண்டது. அக்குமிழ்களின் நடுவே செம்புருண்டைகள் இருந்தன. பின்னர் அவையும் நீங்கி, குமிழ் முழுவதும் பற்றாசாகவே ஆயிற்று. பிற்காலத்தில் ஒரு சில்லுப் பொதியின் முதுகின்மேல் இன்னொன்றை ஏற்றி ஒட்டும் வழக்கமும் வந்தது. 2007இல் வெளிவந்த முதல் ஐபோனின் செயலியும் நினைவகமும் அவ்வாறு ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தவையே.

மேலே ஏறும் பொதிக்குப் பிளக்ஸ் பூசுவது எப்படி? பலகை சமதளமாக இருந்தபோது, துளையிட்ட எஃகுத் தாளை மேலே விரித்து வழித்துப் பூசலாம். ஏற்கெனவே உறுப்புகள் வைக்கப்பட்ட மேடுபள்ளத்தில் தாளை விரிக்க முடியாது. எனவே பொறியாளர்கள் தலைகீழாக யோசித்தனர். பலகைக்குப் பூசுவதற்குப் பதில் குமிழ்களுக்குப் பூசினால் என்ன? பேனாவை மைக்கூட்டில் தொடுவதுபோல, சில்லைத் தூக்கிவரும் பொறிக்கை அதை ஒரு பிளக்ஸ் தட்டில் தொட்டெடுத்துப் பிறகு இடத்தில் வைக்கலாம்.

தட்டில் இருக்க வேண்டிய பிளக்ஸின் ஆழம்தான் இங்கே உயிர்நாடி. வழக்கமாகக் குமிழின் உயரத்தில் பாதியோ அதற்குச் சற்றுக் கூடுதலோ நனைய வேண்டும். குமிழ் 200 மைக்ரான் என்றால் படலம் ஏறத்தாழ 100 மைக்ரான். கூடிப்போனால் சில்லின் வயிறே பிளக்ஸில் ஒட்டிக்கொள்ளும். தூக்கும்போது தட்டிலேயே தங்கிவிடலாம். வைத்தபின் சூட்டில் மிதந்து இடம் மாறலாம். அடியில் தேங்கிய எச்சம், பின்னர் ஊற்றப்படும் காப்புப் பசையைப் பற்றவிடாமல் தடுக்கலாம். குறைந்துபோனால் குமிழும் கீழேயுள்ள பற்றாசும் தனித்தனியே உருகி, ஒன்றையொன்று தொட்டும் கலக்காமல் உறைந்துவிடும். இந்தக் குறைக்குத் தொழிலில் ‘தலையணையில் தலை’ என்று பெயர். தலை தலையணையில் அழுந்திக் கிடப்பதுபோல் வெளியே இணைந்ததாகத் தெரியும்; உள்ளே இணைப்பு இல்லை. சோதனையில் தேறிவிட்டு, வாங்கியவரின் கையில் போய்ச் செயலிழக்கும்.

படலத்தை அமைப்பதற்கு இரண்டு வகைத் தட்டுகள் புழங்குகின்றன. ஒன்றில் தட்டு சுழலும். மேலே நுண்ணளவுத் திருகால் ஏற்றி இறக்கக்கூடிய தகடு நிலையாக நிற்கும். மற்றொன்றில் உலோகத் தட்டில் குறித்த ஆழத்துக்குப் பள்ளம் ஒன்று செதுக்கப்பட்டிருக்கும். அடியில்லாத ஒரு பிளக்ஸ் தொட்டி அதன்மேல் முன்னும் பின்னும் சறுக்கும். தொட்டியின் கீழ்விளிம்பே தகடு. பள்ளத்தை நிரப்பிக்கொண்டே தலைதட்டிச் செல்லும். முதல் வகை பீங்கான் ஏட்டின் வழிவந்தது. இரண்டாவது வகை, தாமஸ் பெல்லின் செதுக்கிய உருளையை நிமிர்த்துத் தட்டையாக்கியது, அவ்வளவே.

முதல் வகையில் ஒரு நுட்பம் உண்டு. தகட்டுக்கும் தட்டுக்கும் இடையே 100 மைக்ரான் இடைவெளி வைத்தால் 100 மைக்ரான் படலம் கிடைக்கும் என்று எண்ணத் தோன்றும். கிடைப்பதில்லை. தட்டை ஒட்டிய பிளக்ஸ் தட்டின் வேகத்தில் ஓடுகிறது. நிற்கும் தகட்டை ஒட்டியது நிற்கிறது. இடைப்பட்டது இடைப்பட்ட வேகத்தில் நகர்கிறது. சராசரியில் பாதி வேகமே தேறுவதால் எளிய திரவமாயின் வெளிவரும் படலமும் இடைவெளியில் ஏறத்தாழப் பாதிதான். பிளக்ஸோ எளிய திரவமன்று. அசைத்தால் இளகும், விட்டால் இறுகும். அந்தக் குணத்துக்காகப் பல பிளக்ஸ்களில் சேர்க்கப்படும் பொருள் ஆமணக்கு எண்ணெயிலிருந்து வருகிறது. கரைப்பான் ஆவியாக ஆவியாகக் கட்டியாகும். அறை வெப்பம் கூடினால் நீர்க்கும். எனவே இடைவெளியை அளந்து நிம்மதியாக இருக்க முடியாது. சீப்புப்போல் பற்கள் வெட்டிய ஓர் அளவுகோலைப் படலத்தில் அழுத்தி, எந்தப் பல் வரை நனைந்தது என்று பார்த்து உறுதிசெய்கிறார்கள். நுண்ணளவுத் திருகு இருந்தும் கடைசியில் ஒருவர் குனிந்து கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறது.

யாருக்காக அளக்கிறோம்

பிசினைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லாமல் விட்டால் இவ்வரலாறு நிறைவுறாது. சூடேறிய ரோசினிலிருந்து எழும் புகை, மின்னணுத் தொழிலாளர்கள் சிலருக்கு ஆஸ்துமாவை உண்டாக்குகிறது என்பதை 1970களின் பிற்பாதியில் ஜாக் பெப்பிஸ் உள்ளிட்ட பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர்கள் நிறுவினார்கள். வேலைநாட்களில் மூச்சு இரைக்கும், விடுமுறையில் தணியும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு சிறிதளவு புகையும் தாங்காது. சிலர் தொழிலையே விட வேண்டியிருந்தது. அந்நாட்டில் தொழில்வழி ஆஸ்துமாவின் முக்கியக் காரணங்களுள் ஒன்றாகப் பற்றாசுப் புகை இடம்பெற்றது. இதற்குத் தீர்வு அரியதன்று. புகை எழும் இடத்திலேயே அதை உறிஞ்சி வெளியேற்றும் குழாய் போதும். அதைப் பொருத்துவதற்குச் செலவு உண்டு, அவ்வளவுதான்.

பிளக்ஸ் மிகுந்தால் சில்லு கெடும் என்பதற்காக மைக்ரான் கணக்கில் தகட்டைத் திருகும் தொழில், அதே பிளக்ஸின் புகை எவ்வளவு ஒரு நெஞ்சுக்குள் போகலாம் என்பதை அளக்கவும் கடன்பட்டிருக்கிறது. முதலாவது அளவு பொருளின் விலையில் உடனே தெரிகிறது, ஆகவே அளக்கிறார்கள். இரண்டாவது அளவு பல ஆண்டுகள் கழித்து, வேறெங்கோ, ஒரு வீட்டின் மருந்துச் செலவில் தெரிகிறது. ஆகவே அதைச் சட்டம் கேட்க வேண்டியிருக்கிறது. தொழிலாளர்கள் கேட்க வேண்டியிருக்கிறது.

இது நமக்குத் தூரத்துச் செய்தியுமன்று. சென்னையை அடுத்த திருப்பெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியாவின் கைபேசி ஆலை இயங்கியது. அது மூடப்பட்டபின் வேறு நிறுவனங்கள் அவ்வட்டாரத்தில் கைபேசிகளைப் பூட்டுகின்றன. அங்கே பணிபுரிவோரில் மிகப் பலர் இளம்பெண்கள். சாயவேரும் கடுக்காயும் மணந்த அதே சோழமண்டல நிலம்தான் இது. ஒரு காலத்தில் இங்கிருந்த விரல்களின் அளவை நகலெடுக்க முயன்று பிறந்த தகடு, துணியில் தொடங்கித் தாள், பீங்கான் என்று கடந்து, இன்று அவர்கள் பூட்டும் வகைக் கருவிகளின் உட்புறத்தில் தன் வேலையை முடித்துவிட்டு மறைந்திருக்கிறது.

ஆசு வெளியே தெரியக்கூடாது என்பது யாப்புக்கும் நகைக்கும் பொருந்தும் விதி. ஆனால் வரலாறு எழுதுவோருக்கு அவ்விதி பொருந்தாது. கேர்து பாதிரியாருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர்களும், மாஸ்னியில் தகட்டைத் தீட்டியவர்களும், புகைக்கு முன்னால் குனிந்து மூச்சு இரைத்தவர்களும் இணைப்பு பிடித்துக்கொள்ள இடையில் நின்றவர்கள். கருவிகளின் வரலாற்றில் காப்புரிமை பெற்றவர்களின் பெயர்கள் எளிதாகக் கிடைத்துவிடுகின்றன. மற்றவர்களைத் தேடிச் சேர்ப்பது வரலாற்றைப் படிப்பவர்களாகிய நம் பொறுப்பு.